கால் அளவு

மருந்தேற்றும் இயந்திரத்துக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நல்ல மனசோடுதான் செய்தார்கள். அதற்கு முன்னால் இருந்தது ஆங்கிலம் மட்டும் புரிகிற பெட்டி. எங்கள் ரெஜினா சிஸ்டர் முப்பது வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் நிற்பவர். எந்தத் தையல் கசியும் என்று எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர் ‘குவார்ட்டர்’ என்று சொன்னால் அந்தப் பெட்டி ‘வாட்டர்’ என்று எடுத்துக்கொண்டு, எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கேட்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல், “ஏ மூதி, உனக்குக் காது இருக்கா இல்லையா?” என்று சிஸ்டர் கத்தினார். அதையும் அது குறித்து மேலிடத்துக்கு அனுப்பியது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

பிறகுதான் தமிழ்ப் பெட்டி வந்தது. அரசாணையில் அதன் பெயர் ‘குரல்வழி மருந்தேற்றி’. பேசுவதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்வதால் ரெஜினா சிஸ்டர் அதற்கு ஏட்டய்யா என்று பெயர் வைத்தார்.

என் பெயர் மங்கையர்க்கரசி. கடலோர மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர். மாவட்டத்துக்கே நான் ஒருத்திதான். ஓய்வுபெற அப்போது பதினொரு மாதம் இருந்தது. அந்தப் பதினொன்றையும் நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்கவில்லை.

காலுக்குப் போகும் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், குழாயைத் திறந்து கட்டியை இழுத்து எடுப்போம். கைக்கு எட்டாமல் கீழே சின்னக் குழாய்களில் சிக்கியிருப்பதைக் கரைக்க, அறுவை நடக்கும்போதே மருந்து விடுவோம். முன்பெல்லாம் கையால் விட்டோம். அளவு தவறிச் சிலர் மேசையிலேயே போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு ஏட்டய்யா வழியாக மட்டும்தான் விடலாம் என்று விதி வந்தது. நாம் வாயால் அளவைச் சொல்ல வேண்டும். முழுக் குப்பி, அரை, கால், அவ்வளவுதான். அது ஒருமுறை திருப்பிச் சொல்லும். நாம் ‘ம்’ கொட்டினால் ஏற்றும். தவறே நடக்காது என்றார்கள்.

பால்துரை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. லைன்மேன், நாற்பத்தொன்பது வயது. வலது கால் முழங்காலுக்குக் கீழே வெளுத்து, தொட்டால் சில்லென்று இருந்தது.

“எப்போருந்து மரத்துப் போச்சு?”

“காலம்பற கம்பத்துல இருந்து இறங்கும்போது டாக்டரம்மா. தரையில மிதிக்கது தெரியல.”

“பீடி?”

“ரெண்டு கட்டு” என்றார், ஏதோ சொத்துக்கணக்கு சொல்வதுபோல. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. டிரோன் வந்துட்டு, அது வந்துட்டு இது வந்துட்டும்பாவ. புயல் அடிச்சா கம்பத்துல ஏற ஆளுதான் வேணும். காலு இல்லன்னா நான் ஒண்ணுமில்ல. அதைக் காப்பாத்த முடியலன்னா என்னை எழுப்பவே வேண்டாம்.”

“அப்படியெல்லாம் பேசக் கூடாது” என்றேன். வாரத்துக்கு நான்கு பேரிடம் நான் சொல்லுகிற வாக்கியம் அது. சொல்லும்போது அதில் எனக்கே பிடிப்பு இருப்பதில்லை.

வெளியே அவர் மனைவி ஜெயராணி நின்றிருந்தார். ஒப்புதல் படிவத்தை நீட்டினேன்.

“கட்டியைக் கரைக்கிற மருந்தும்மா. காலுக்குள்ளதான் விடுவோம். ஆனா அது அங்கேயே நிக்காது, உடம்பெல்லாம் போகும். தலைக்குள்ள எங்கயாவது பழைய கீறல் ஆறி அடைஞ்சிருந்தா, அந்த அடைப்பையும் கரைச்சிரும். உள்ளுக்குள்ள ரத்தம் கசியும்.”

“கசிஞ்சா?”

“பிழைக்கிறது கஷ்டம்.”

“கம்மியா விட்டா?”

“தலைக்கு நல்லது. காலுக்குப் போதாது.”

ஜெயராணி படிவத்தைப் படிக்கவே இல்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு, “உயிர் போதும்மா. காலு போனா போட்டும். நான் சுமந்துக்கிடுதேன்” என்றார்.

இரண்டு பேரின் இரண்டு வேண்டுதலையும் சுமந்துகொண்டு உள்ளே போனேன். அன்று அது எனக்கு மூன்றாவது அறுவை.

வலியில் துடித்துக்கொண்டிருந்ததால் பால்துரைக்கு முழு மயக்கம் கொடுத்தார்கள். தொடையில் குழாயைத் திறந்து, நுனியில் பலூன் வைத்த மெல்லிய குழலை விட்டு இழுத்தேன். மேலே இருந்த கட்டிகள் வந்துவிட்டன. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. “அரை” என்றேன். “அரை. ஏற்றவா?” என்றது ஏட்டய்யா. ஏற்றியது. இருபது நிமிடம் காத்திருந்தோம். பாதம் மெழுகுபோல வெளுத்துக் கிடந்தது.

ஏட்டய்யா தன் கணக்கைச் சொன்னது. “அடுத்து முழுக் குப்பி ஏற்றினால் கால் பிழைக்க வாய்ப்பு நூற்றுக்கு எழுபது. மூளையில் கசிவு நூற்றுக்கு ஒன்பது. இத்துடன் நிறுத்தினால் கால் பிழைக்க வாய்ப்பு பத்து. அளவு சொல்லவும்.”

இந்தக் கணக்கைக் கேட்காமலே முடிவெடுத்த காலம் ஒன்று இருந்தது. அப்போது தவறினால் விதி என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது ஒன்பது என்று தெரிந்தேதான் செய்ய வேண்டியிருக்கிறது. யாரும் இதற்காக எனக்குக் கூடுதலாக ஒரு நெஞ்சைக் கொடுக்கவில்லை.

“உயிரா காலா மேடம்?” ரெஜினா சிஸ்டர் கேட்டார். எங்கள் தியேட்டரில் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான் அது.

ஜெயராணி சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டது அவர். ஆனால் என் கையைப் பிடித்தவர் மேசைமேல் கிடந்தார். அது அவருடைய உடம்பு.

“கால்” என்றேன்.

“கால். ஏற்றவா?” என்றது ஏட்டய்யா.

“ம்” என்றேன்.

மறுபடியும் இருபது நிமிடம். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்பது, ஒன்பது என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்தாவது நிமிடம் மயக்க மருத்துவர் கூப்பிட்டார். பெருவிரல் நுனி சிவந்திருந்தது. டாப்ளர் கருவியைக் கணுக்காலில் வைத்ததும் புஸ், புஸ் என்று நாடி கேட்டது. எத்தனை வருடம் கேட்டாலும் சலிக்காத சத்தம் எனக்கு அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில்தான் ரெஜினா சிஸ்டர் பெட்டியின் பக்கமிருந்து, “மேடம், இங்க வாங்க” என்றார். குரல் சரியில்லை. “புதுக் குப்பியில முக்கால்வாசி அப்படியே கிடக்கு.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அளவு சொல்லவும் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்த பெட்டிக்கு, நான் சொன்னது அளவாகத்தான் கேட்டிருக்கிறது. முழுக் குப்பி விட்டுக் காலைக் காப்பாற்று என்று நான் சொன்னேன். கால் குப்பி என்று அது எடுத்துக்கொண்டது. நியாயமாகத் திருப்பிச் சொல்லியும் கேட்டது. அதுவும் கால் என்றது, நானும் கால் என்றேன். அந்த அறையில் இருந்த ஐந்து பேரும் தமிழர்கள். ஐந்து பேருக்கும் அது சரியாகவே காதில் விழுந்தது. ஆங்கிலப் பெட்டியிடம் இந்தத் தவறைச் செய்யவே முடியாது.

பால்துரை மூன்றாம் நாள் நடந்தார். “நான் சொன்னதைக் கேட்டியள்லா” என்று என்னைப் பார்த்துக் கண்கலங்கினார். ஜெயராணி என்னைத் தனியாக மடக்கி, “அவரு என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியும். நீங்க நான் சொன்னதைத்தான் கேட்டிய” என்று என் இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் இரண்டு பேரிடமும் மருந்துச் சீட்டைப் பற்றிப் பேசினேன்.

பத்து நாள் கழித்து மாநில மருந்தளவுக் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. குற்றம் பிடிக்க என்று நினைத்துத் திரை முன்னால் உட்கார்ந்தேன். ரெஜினா சிஸ்டரும் பக்கத்தில் இருந்தார். குழுத் தலைவர் டாக்டர் இளம்பரிதிக்கு என் மகன் வயது இருக்கும். மரியாதை தெரிந்தவர்.

“மேடம், பாராட்டத்தான் கூப்பிட்டோம். அரைக்கு அப்புறம் கால் மட்டும் விட்டு ஒரு காலைக் காப்பாத்தினது மாநிலத்துலயே நீங்கதான். எல்லாரும் அரைக்கு அப்புறம் முழுசுக்குத் தாவுறாங்க. சின்ன அளவு போதும்னு இயந்திரத்தோட கணிப்புல ரொம்ப நாளா ஒரு ஓரத்துல இருந்துச்சு. செஞ்சு பார்க்க யாருக்கும் துணிச்சல் வரல. பதிவுல கால்னு இருக்கு. நீங்க கால்னுதானே சொன்னீங்க?”

பெட்டி ஒன்று விடாமல் எழுதியிருந்தது. சிஸ்டரின் கேள்வி, என் பதில், அதன் பதில், என் ‘ம்’. அளவு கேட்ட இடத்தில் வந்த சொல் என்பதால், படித்த அவர்களுக்கும் அது அளவாகவே பட்டிருக்கிறது. நான் விளக்கத் தொடங்கினால், மனைவி உயிரைக் கேட்க நான் ஏன் காலைத் தேர்ந்தெடுத்தேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். விசாரணை, விளக்கம், மறுவிளக்கம். எனக்கு அசதியாக இருந்தது.

“ஆமா. கால்னுதான் சொன்னேன்” என்றேன்.

ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. வெளியே வந்ததும் ரெஜினா சிஸ்டர் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“நீங்க சொன்னது அளவு இல்லையே மேடம்.”

“உண்மையைச் சொன்னா தமிழ்ப் பெட்டியைத் தூக்கிட்டுப் பழைய பெட்டியைக் கொண்டுவந்து வச்சிருவாங்க. மறுபடியும் வாட்டரோட மல்லுக்கட்டணுமா?”

“எனக்காகச் சொன்னேன்னு சொல்லாதீங்க” என்றார் சிஸ்டர். அவர் சொன்னது சரி. நான் எனக்காகத்தான் சொன்னேன்.

ஒரே ஒரு நோயாளியை வைத்து விதி போடுவார்களா என்று கேட்கலாம். போடவில்லை. என் கேஸைத் துணிச்சலாக வைத்துக்கொண்டு நான்கு மருத்துவமனைகளில் மூன்று மாதம் செய்து பார்த்தார்கள். மூளைக் கசிவு குறைந்தது. பிறகு எல்லா ஏட்டய்யாவுக்கும் ஒரே நாளில் உத்தரவு போனது: அரைக்குப் பிறகு உச்ச அளவு கால். அதற்குக் ‘கால் அளவு நெறிமுறை’ என்று பெயர். மாநாட்டில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் புழுக்கத்தில் அதைக் கழற்றவும் முடியாமல் ஒரு மணி நேரம் மேடையில் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு ஓய்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது முத்துக்கனி வந்தாள். முப்பத்துநான்கு வயது, உப்பளத்தில் வேலை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதய வால்வு பழுதாகி, அங்கே உறைந்த கட்டி ஒன்று பிய்த்துக்கொண்டு இடது காலில் போய் அடைத்திருந்தது. இதயம் தாங்காது என்பதால் முழு மயக்கம் கொடுக்கவில்லை. தொடையில் மட்டும் மரக்க ஊசி போட்டோம். முகத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பச்சைத் துணி. அதற்கு அந்தப் பக்கம் அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கட்டியை இழுத்தோம். அரை விட்டோம். பாதம் வெளுத்தே இருந்தது. நான் பார்த்த வரையில், இளம் வயது, புதிய கட்டி, பீடி தொடாத குழாய்கள். முழுசாக விட்டால் கரையும் என்று என் கை சொன்னது.

“முழுக் குப்பி” என்றேன்.

“உச்ச அளவு கால்” என்றது ஏட்டய்யா.

“மீறு.”

“மீறக் குழுவின் ஒப்புதல் தேவை. இணைக்கிறேன்.”

இளம்பரிதியின் குரல் வந்தது. “மேடம், நீங்களா? உங்க கேஸை வச்சுத்தானே இதைப் போட்டோம். நீங்களே மீறலாமா?”

“இது வேற கேஸ். முழுசா விட்டாகணும்.”

“எல்லாருமே வேற கேஸ்னுதான் சொல்றாங்க மேடம். பால்துரைக்குக் கால் போதும்னு எதை வச்சு முடிவு பண்ணீங்களோ, அதே மாதிரி...”

“பால்துரைக்கு நான் எதையும் முடிவு பண்ணல.” கையில் குழாயைப் பிடித்தபடி கத்தினேன். “அன்னைக்கு நான் சொன்னது அளவு இல்ல. காலைச் சொன்னேன். நடக்கிற காலை. முழுசா விடத்தான் சொன்னேன். பெட்டி தப்பாக் கேட்டுச்சு.”

இளம்பரிதி மிகவும் மென்மையாக, “ரொம்பக் களைப்பா இருக்கீங்க மேடம். இப்போ கால் விடுங்க. மத்ததை எழுத்துல அனுப்புங்க, பார்க்கலாம்” என்றார்.

கால் விட்டோம். இருபது நிமிடம் காத்திருந்தோம். டாப்ளரில் இரைச்சல் மட்டும் வந்தது. மறுநாள் பாதம் கறுக்கத் தொடங்கியது. அதற்கு அடுத்த நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்தேன். ரெஜினா சிஸ்டர் ஒவ்வொரு கருவியாக நீட்டினார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்கே எழுதினேன். நடந்ததை நடந்தபடி, ஜெயராணியின் வேண்டுதல் உட்பட, நான்கு பக்கம். தண்டனை வரட்டும் என்று எழுதினேன். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது.

‘நெறிமுறை நடப்புக்கு வந்தபின் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மருந்து ஏற்றப்பட்டுள்ளது. முந்தைய விகிதப்படி பத்தொன்பது பேர் மூளைக் கசிவால் இறந்திருக்க வேண்டும். இறந்தவர் நால்வர். கூடுதலாக இழந்த கால்கள் நாற்பத்தொன்று. தங்கள் சொல் பிழையாகக் கேட்கப்பட்டிருப்பினும், அளவு பிழையன்று எனக் குழு கருதுகிறது. நெறிமுறை தொடரும். தங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது.’

தண்டனைகூட இல்லை. மூன்று முறை படித்தேன். தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. பதினைந்து உயிர் என்றால் பதினைந்து வீடு. அந்தப் பதினைந்து வீட்டில் எந்த வீட்டுக்குப் போய் இந்த விதி கெட்டது என்று நான் சொல்ல முடியும்? நான் சோம்பலில் சொன்ன ஒரு ‘ஆமா’ இத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அதை நினைத்து நிம்மதிப்படவும் முடியவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு பெண்கள் வார்டுக்குப் போனேன். முத்துக்கனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அக்கா டீ வாங்கப் போயிருந்தாள்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

“தெரியும் டாக்டரம்மா. நான் முழிச்சுத்தான கிடந்தேன். போன்ல பேசுனது எல்லாம் காதுல விழுந்துச்சு. பாதி புரியல.”

புரியாத பாதியைச் சொன்னேன். பால்துரை, ஜெயராணி, பெட்டி, திரை முன்னால் நான் சொன்னது, எல்லாம். கடிதத்தையும் படித்துக் காட்டினேன். முத்துக்கனி போர்வை பாதியில் தட்டையாகப் படிந்த இடத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.

“பதினஞ்சு பேரு பிழைச்சிருக்காவளா?”

“ஆமா.”

“அந்தப் பதினஞ்சுல நானும் ஒருத்தியா?”

“தெரியாதும்மா.”

“முழுசா விட்டிருந்தா எங் காலு இருந்திருக்குமா?”

“இருந்திருக்கும்னு நினைக்கிறேன். உறுதியாத் தெரியாது.”

“அந்த லைன்மேனுக்கு எப்படிச் சரியாச்சு? கால் விட்டதாலயா?”

“முதல்ல விட்ட அரையே மெதுவா வேலை செஞ்சிருக்கலாம். தெரியாது.”

முத்துக்கனி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

“இத்தனை தெரியாதை வச்சுக்கிட்டா அன்னைக்கு ஆமான்னு சொன்னிய?”

நர்ஸ் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். குனிந்து கட்டைப் பிரித்தேன். புண் நன்றாக ஆறிக்கொண்டிருந்தது.